கோணக்குறிச்சிப் பெண்கள் நேராக நடந்த கதை

கோணக்குறிச்சியில் முப்பது அடிக்கு மேல் நேராகப் போகிற தெரு ஒன்றுகூடக் கிடையாது. ஊரை உண்டாக்கியவர்கள் ஒரு மாட்டின் பின்னாலேயே போய், அது போன வழியெல்லாம் தெரு போட்டார்களாம். அந்த மாட்டுக்கு என்ன ஞாபகம் வந்ததோ, இரண்டு இடத்தில் தெரு வந்த வழியே திரும்பிப் போகிறது. இதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தபால்காரருக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

இந்த ஊரில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். வயது அறுபத்து நாலு. கிணற்றடியில் ஒரு தடவை, கோழியைத் துரத்தப் போய் ஒரு தடவை என்று ஒரே வருஷத்தில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை மணிக்கட்டு உடைந்தது. பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் அவள் மகன் முத்துராஜ் பதறியடித்துக்கொண்டு வந்து, கட்டுப் பிரிக்கும்வரை கூட இருந்தான். எலும்பில் வலு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று மாதம் பார்ப்பேன், அடுத்த சோதனையிலும் இப்படியே இருந்தால் வீட்டைப் பூட்டி உன்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறினான்.

ஆவுடையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூர் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு மாடத்தியோடு இருபத்திரண்டு வருஷமாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைப் பாதியில் விட்டுப் போக மனசு வரவில்லை. மாடத்தியிடம் இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையை ஆவுடையம்மாள் மூடியோடு திருப்பிக் கொடுத்தாளா, மூடி இல்லாமல் கொடுத்தாளா என்பதுதான் வழக்கு. தினமும் காலையில் இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்று ஒரு மணி நேரம் இதைப் பேசுவார்கள். பேசி முடித்தால்தான் இரண்டு பேருக்கும் பசிக்கும்.

மகன் போன மறுவாரம் ஒரு டாக்டரம்மா ஸ்கூட்டரில் ஊருக்கு வந்தார். வயதான பெண்களுக்கு எலும்புக்கும் தசைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். ஆவுடையம்மாள், மாடத்தி, சிதம்பரவடிவு மூவரும் பேர் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு கம்பு கொடுத்து, அதன் வாரைக் கையில் மாட்டிவிட்டார். இந்தக் கம்பு எலும்புக்கு ரொம்ப நல்லது என்று அவர் சொன்னதும், மாடத்தியின் வீட்டுக்காரர் சங்கரபாண்டி கூழா களியா என்று விசாரித்தார்.

"ரெண்டு கம்பையும் ஊன்றி, வளையாம நேரா நடக்கணும். தினமும் அரை மணி நேரம். கையில மாட்டிட்டா நடுவுல கழற்றக் கூடாது," என்றார் டாக்டரம்மா. முதுகைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூவரும் கம்போடு உட்கார்ந்து ஆலோசித்தார்கள். தலைமை சிதம்பரவடிவு. சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி அவளைப் பார்த்து, உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அந்த ஊரில் வேறு யாரைப் பற்றியும் அப்படியொரு சந்தேகமே எழுந்ததில்லை. அன்றிலிருந்து யோசிக்க வேண்டிய காரியமெல்லாம் அவளிடம்தான் வரும்.

"வளையாம நடக்கணும்னுல்லா சொல்லிருக்காவ. நம்ம தெரு பத்து எட்டு வச்சா வளையுதே," என்றாள் சிதம்பரவடிவு.

"அப்ப தெருவுல நடக்கப்பிடாது," என்றாள் மாடத்தி.

"தெருவுல நடக்காம?"

"வளையாத எடத்துல நடக்கணும்."

ஆவுடையம்மாள் தன் வாசலில் நின்று மூக்குக்கு நேராகப் பார்த்தாள். எதிரே மாடத்தியின் வாசல். அதற்குள் கூடம். கூடத்துக்கு நேராகப் பின்வாசல். அதற்கப்பால் தையல்கார தங்கையாவின் வீடு, வாழைத்தோட்டம், வற்றிய குளம், வெகுதூரத்தில் ஒற்றைப் பனை. எல்லாம் வடக்கே ஒரே கோடு. ஊரிலேயே நேரான வழி அது ஒன்றுதான், ஆனால் அது மாடத்தியின் வீட்டுக்குள் போகிறது. இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த வாசல்படியை மிதித்ததில்லை. மிதிக்க மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்திருந்தாள்.

சிதம்பரவடிவு கண்ணை மூடி யோசித்தாள். "நின்னாத்தான் நுழைஞ்சதா கணக்கு. நிக்காம போயிட்டா அது வழி," என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் புறப்பட்டார்கள். சங்கரபாண்டி கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். ஆறு கம்புகளும் அவருடைய தட்டைச் சுற்றி ஊன்றிக்கொண்டு போயின. ஒரு இட்லி குறைந்தது. அரை மணி நேரம் முடிந்து மூவரும் பனையடியில் நின்றபோது அந்த இட்லி சிதம்பரவடிவின் கம்பு நுனியில் இருந்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. வீட்டுக்குப் போகத் திரும்ப வேண்டும். திரும்புவது என்றால் வளைய வேண்டும். டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றைத்தான். வெயில் ஏறும்வரை நின்று பேசினார்கள். கடைசியில் திரும்பாமலேயே, முகம் வடக்கே பார்த்தபடி, பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். குளத்துக் கரையில் ஒரு எருமை மட்டும் இதை மனசில் வைத்துக்கொண்டு பிற்பாடு அவர்களைக் கண்டாலே ஒதுங்கியது.

இப்படியே தினமும் நடந்தது. முன்னால் போக அரை மணி, பின்னால் வர ஒன்றரை மணி. தங்கையா வீட்டில் பெண் பார்க்க வந்திருந்த அன்றும் ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க, மூவரும் கம்பூன்றி வரிசையாக முன்வாசலில் வந்து பின்வாசலில் போனார்கள். வெகுநேரம் கழித்துப் பின்வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து முன்வாசலில் போனார்கள். இந்தப் பக்கத்து முறை போலிருக்கிறது என்று எண்ணிய மாப்பிள்ளையின் தாயார் எழுந்து கேசரி நீட்டினார். கம்பைக் கழற்றக் கூடாது என்பதால் மூவரும் வாயை மட்டும் திறந்தார்கள். பெரிய மனுஷிகளுக்குத் தன் கையாலேயே ஊட்டிவிட்ட திருப்தியில் அந்த அம்மாள் அன்றே சம்பந்தத்தை உறுதி செய்துவிட்டார்.

மூன்று மாதமும் முடியப் போயிற்று. மறுநாள் டாக்டரம்மா எலும்பு பார்க்கும் பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை மூவரும் புறப்படுமுன் சங்கரபாண்டி, தட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். இத்தனை நாளும் இட்லியைக் காப்பாற்றுவதிலேயே இருந்த மனுஷன்.

"முன்னால நடந்தா எலும்பு ஏறுது. சரி. பின்னால நடந்தா?"

சிதம்பரவடிவு விரலை மடக்கிப் பார்த்தாள். போகும்போது ஏறியது, வரும்போது இறங்கியிருக்கும். அதிலும் வருவதற்குத்தான் அதிக நேரம். அப்படியானால் மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த எலும்பும் இப்போது இருக்காது.

ஆவுடையம்மாள் தன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒன்பதாவது மாடி அவள் கண்முன்னால் வந்து நின்றது. அன்று மாடத்தி மூடிப் பேச்சை எடுக்கவில்லை. தெருவைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏளா, நீ போயிட்டன்னா காலைல எந்திச்சி நான் யார ஏசுவேன்? இந்த மனுசன ஏசுனா திருப்பி ஒரு வார்த்தை ஏச மாட்டாரு. நான் எப்படி உசுரோட இருக்கது?" என்று கேட்டுவிட்டு அவளும் அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் சிதம்பரவடிவு வழி சொன்னாள். இன்று முன்னால் மட்டும் நடப்பது. திரும்பி வரவே கூடாது. ஒரு நாள் எலும்பாவது உடம்பில் தங்கட்டும்.

"வராம இருந்தா வீடு?" என்றாள் ஆவுடையம்மாள்.

"வீட்டு நம்பர் எங்க இருக்கு?"

"கதவுல."

"அப்ப கதவு எங்க இருக்கோ அங்கதான வீடு."

கதவை நிலையோடு பெயர்த்தார்கள். எதிர்வீடு இல்லாத வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்று மாடத்தியின் கதவையும் பெயர்த்தார்கள். இரண்டு கதவு, ஒரு கயிற்றுக் கட்டில், நாலு கோழி, மூடி இல்லாத கொப்பரை எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிச் சங்கரபாண்டி தள்ளினார். பனையடியில் கதவுகளை எதிரெதிராக நட்டு, இருட்டுமுன் வெளியே நின்று கொஞ்சம் சண்டையும் போட்டுப் பார்த்தார்கள். பழைய இடத்தைவிடக் காற்றோட்டமாக இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா ஊரெல்லாம் தேடிப் பனையடிக்கு வந்தார். கதவைத் தட்டினார். கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் எழுந்து போய்த் திறந்தாள். அவளுடைய குதிகாலைப் பெட்டியில் வைத்து அளந்தார். கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றாள்.

"எலும்பு இறங்கல. அதுவே பெரிய விஷயம். கையிலயும் கால்லயும் தசை நல்லா இறுகியிருக்கு. இனிமே லேசுல விழ மாட்டீங்க. உங்க மகன்கிட்ட நானே சொல்லிடறேன்," என்றார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நாள் திரும்பாமல் இருந்ததற்கே இவ்வளவு.

"இனி நாங்க என்ன செய்யணும் டாக்டரம்மா?" என்று பணிவோடு கேட்டாள் சிதம்பரவடிவு.

"ஒண்ணும் மாத்த வேண்டாம். இப்படியே போய்க்கிட்டே இருங்க."

"எதுவரைக்கும்?"

"எதுவரைக்கும்னு கணக்கே இல்ல. நிறுத்தாம போங்க, அவ்வளவுதான்."

டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் மறைவதற்குள் கதவுகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு முத்துராஜ் வாரம் தவறாமல் போனில் விசாரிப்பான். அம்மா எங்கே இருக்கிறாய் என்பான். வீட்டில்தான் இருக்கிறேன் என்பாள், அதில் பொய் இல்லை. பின்னால் மாடத்தி ஏசுகிற சத்தமும் கேட்கும். ஊரில் எல்லாம் பழையபடி இருக்கிறது என்று அவன் நிம்மதியாகப் போனை வைப்பான். ஒரு நாள் பக்கத்தில் யாரோ கன்னடம் பேசுவது கேட்டது. டிவியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, அவனுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் மேலே போன் செய்தார். வாசலில் வயதான பெண்கள் மூன்று பேரும் ஆறு கம்புகளும் தள்ளுவண்டியில் இரண்டு கதவுகளும் அதைத் தள்ளும் ஒரு பெரியவரும் நிற்பதாகச் சொன்னார். பிறகு, நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே நடக்கிறார்கள் என்று திருத்தினார்.

முத்துராஜ் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடி வந்தான். அம்மாவைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, ஒரு வழியா எங்கிட்டயே வந்துட்டியா?"

"எங்கய்யா வந்தேன்? நான் நம்ம வீட்லதான இருக்கேன்," என்று ஆவுடையம்மாள் காலை மாற்றி மாற்றி வைத்தபடியே தள்ளுவண்டியைக் காட்டினாள். கதவில் கோணக்குறிச்சி வீட்டு நம்பர் இருந்தது.

"நின்னுராத ஏளா. நின்னா பெங்களூருக்குள்ள நுழைஞ்சதா ஆயிரும்," என்று பின்னாலிருந்து மாடத்தி கம்பால் அவளை லேசாகத் தள்ளினாள்.

ஆவுடையம்மாள் நிமிர்ந்து, எதிரே ஒன்பது மாடியும் மறித்துக்கொண்டு நின்ற கட்டடத்தைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் ராசா. இதுக்குப் பின்வாசல் எங்க இருக்கு?"