வெள்ளச்சி சொல்லாத பெயர்கள்

நாவல் மடுவில் ஓர் எருமைக் கூட்டம் வாழ்ந்தது. வெயில் ஏறியதும் எல்லாரும் சேற்றில் இறங்கிப் படுத்துக்கொள்வார்கள். அவர்கள் முதுகில் உண்ணிக்கொக்குகள் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும்.

அந்தக் கொக்குகளில் ஒருத்தி வெள்ளச்சி. கூச்சக்காரி. நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வாள். வேலையில் மட்டும் வெகு கறார். எந்த முதுகில் எத்தனை உண்ணி எடுத்தோம் என்று கணக்கு வைத்திருப்பாள். ஒன்று விட்டுப்போனாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒருநாள் உச்சிப்பொழுதில் வளைக்கொம்பி என்ற தாய் எருமை சேற்றிலிருந்து துள்ளி எழுந்தாள்.

“அடியே வெள்ளச்சி! அரிப்பு உயிரை வாங்குகிறதடி! என்னவென்று பாரேன்!”

வெள்ளச்சி பார்த்தாள். கழுத்திலும் விலாவிலும் தோல் தடித்துத் தடித்து எழும்பியிருந்தது. அதிரசம் ஒட்டிவைத்ததுபோல ஒவ்வொன்றும் ஓர் அளவு. அவள் ஒவ்வொன்றாய்த் துழாவினாள்.

“பூச்சி ஒன்றும் இல்லை, அக்கா.”

“பூச்சி கடிக்காமல் இப்படியா வீங்கும்?”

“இல்லை என்றால் இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன்!”

பொழுது சாய்வதற்குள் தடிப்பு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. மறுநாள் வேறு இடத்தில் வந்தது. மா பூத்தபோது தொடங்கிய அரிப்பு, பழம் உதிர்கிற காலத்திலும் விட்டபாடில்லை.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

“கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்திருக்கும். இது காணாக்கடிதான்!” என்றாள் ஒருத்தி.

“கோரைப்புல்லை நிறுத்து!” என்றாள் இன்னொருத்தி.

“தாமரைத் தண்டைத் தொடாதே!” என்றாள் மூன்றாமவள்.

வளைக்கொம்பி எல்லாவற்றையும் நிறுத்தினாள். விலா எலும்பு தெரிந்ததுதான் மிச்சம். அரிப்பு நிற்கவில்லை. மாலையில் வந்து பார்த்தவர்களோ, “எங்கே தடிப்பு? ஒன்றையும் காணோமே! இவள் நடிக்கிறாள்!” என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

இந்தப் பேச்சு நரியின் காதுக்கு எட்டியது. வளைக்கொம்பிக்கு ஒரு கன்று உண்டு. பெயர் புட்டான். நல்ல கொழுகொழுப்பு. கூட்டத்தின் நடுவில் இருக்கும்வரை அவனை நெருங்க முடியாது. நரி யோசித்தது. நேராகக் கூட்டத்தின் தலைவியான பெரியநாச்சியிடம் போய்க் கும்பிடு போட்டது.

“நாச்சியம்மா, உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன். இது ஒட்டுகிற வியாதி! ஒரே சேறு, ஒரே தண்ணீர். இன்றைக்கு அவளுக்கு. நாளைக்கு எல்லாருக்கும்!”

கூட்டம் கலங்கிப்போனது. கட்டையன் என்ற கடா எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்.

“அவளை அனுப்பு! கன்றையும் சேர்த்து அனுப்பு! கிட்ட வந்தாலே எனக்கு அரிக்கிறது!”

பெரியநாச்சி கழுத்துவரை சேற்றில் கிடந்தாள். இன்னும் கொஞ்சம் ஆழமாக அமிழ்ந்தாள். பிறகு, “ஊர் நன்மைக்காக…” என்று முணுமுணுத்தாள். “வளைக்கொம்பி, நீ கன்றோடு மூங்கில் காட்டுப் பக்கம் போய்விடு.”

கோடையில் சேறும் தண்ணீரும் இல்லாமல் எருமை எத்தனை நாள் தாங்கும்? அதிலும் கன்றோடு தனியாக! வளைக்கொம்பி புட்டானை நாக்கால் ஒரு தடவை நக்கினாள்.

 வெள்ளச்சிக்கு ஒரு விஷயம் தெரியும். இந்தத் தடிப்பு வளைக்கொம்பிக்கு மட்டும் வருவதில்லை. வேறு சிலருக்கும் வருகிறது. ஒவ்வொருவரும் தனியாக அவளைக் கூப்பிடுவார்கள். “அந்த இடத்தில் கொஞ்சம் கொத்தி விடு, தாயே! யாரிடமும் சொல்லிவிடாதே!” என்பார்கள். பிறகு அதன்மேல் கனமாகச் சேற்றை அப்பிக்கொள்வார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று வெள்ளச்சி எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் கழுத்தை நீட்டினாள். எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பின. கழுத்து தானாக உள்ளே போயிற்று. மறுபடி நீட்டினாள்.

“நான்… நான் ஒரு கணக்குச் சொல்லலாமா?”

“சொல்லித் தொலை!” என்றான் கட்டையன்.

“இந்த மடுவில் வளர்ந்த எருமைகள் அறுபத்திரண்டு. தடிப்பு உள்ளவர் ஒருத்தர் மட்டும் இல்லை. நாலு பேர்!”

“நாலா!” என்று சேறே அதிர்ந்தது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரை முறைத்தார்கள்.

“பார்த்தீர்களா! ஒட்டிக்கொண்டுவிட்டது!” என்று குதித்தது நரி.

“இல்லை!” என்றாள் வெள்ளச்சி. “ஒட்டுவதாக இருந்தால் முதலில் புட்டானுக்கு வந்திருக்க வேண்டும். மடியில் முட்டிமுட்டிக் குடிக்கிறவன் அவன். அவனுக்கு இல்லை. இரவெல்லாம் அக்கா முதுகோடு முதுகு ஒட்டிப் படுக்கிற செம்பட்டைக்கும் இல்லை. தினமும் மேலே உட்காருகிற எனக்கும் இல்லை. அந்த மற்ற மூன்று பேரும் அக்கா பக்கத்தில் படுப்பதே இல்லை!”

“அப்படியானால் ஏன் வருகிறதாம்?” என்று கேட்டது நரி.

“அது எனக்குத் தெரியாது. தெரிந்ததைத்தான் சொல்வேன். புலி வந்து எல்லாரும் பயந்து ஓடிய மறுநாள் கூடுதலாக வருகிறது. சரியாகத் தூங்காத நாளில் வருகிறது. ஒருத்தருக்கு வெயிலில் வருகிறது. இன்னொருத்தருக்கு ஒன்றுமே இல்லாமல் வருகிறது. பூச்சி மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை!”

நாலு பேரில் தாய் எருமை எத்தனை, கடா எத்தனை என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கூட்டத்தில் கடாக்களே இரண்டு பேர்தான். எண்ணிக்கையைச் சொன்னால் பெயரைச் சொன்னதுபோல ஆகிவிடும்.

“பெயரைச் சொல்!” என்றது நரி.

“சொல்ல மாட்டேன்.”

“அப்படியானால் பொய்!”

யாரும் எழவில்லை. ஒரு காதுகூட அசையவில்லை. வெள்ளச்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்வையே காட்டிக்கொடுத்துவிடும் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு பெயர் போதும், அக்கா பிழைத்துவிடுவாள். அலகு திறந்தது. மூடிக்கொண்டது.

“வாடா புட்டான்,” என்று வளைக்கொம்பி கரையேறினாள்.

வெள்ளச்சி பறந்துபோய் அவள் முதுகில் உட்கார்ந்தாள்.

“நீ எங்கேயடி வருகிறாய்? அங்கே தண்ணீர்கூடக் கிடையாது!”

“எனக்கு வேறு வழி தெரியவில்லை, அக்கா. பெயரும் சொல்ல மாட்டேன். உங்களைத் தனியாகவும் விட மாட்டேன்.” பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “மூங்கில் புதருக்குப் பின்னால் இன்னும் இரண்டு நரிகள் படுத்திருக்கின்றன. காலையில் இங்கே பறந்து வரும்போது பார்த்தேன். அதையும் எண்ணிவிட்டேன்!”

“நில்லடி!”

மடு அதிர்ந்தது. பெரியநாச்சி எழுந்து நின்றாள். சேறு சொட்டச் சொட்ட நடந்துவந்தாள். நாவல் மரத்தில் கழுத்தைச் சாய்த்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். காய்ந்த சேறு பாளம்பாளமாக விழுந்தது. உள்ளே தடிப்புத் தடிப்பாக இருந்தது.

“நானும் ஒருத்தி,” என்றாள். “தலைவிக்கு இப்படி என்றால் யார் மதிப்பார்கள் என்று மூடிவைத்தேன். இத்தனூண்டுக் கொக்கு எனக்காக வாயை மூடிக்கொண்டு நரியின் வாய்க்குப் போகிறது. நான் சேற்றில் கிடக்கிறேன்! வளைக்கொம்பி, உள்ளே வாடி. உன் இடம் என் பக்கத்தில்.”

அப்போது பின்னாலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. கட்டையன்தான்.

“எனக்கும்… கொஞ்சம்தான். அதுவும் வெயிலில் மட்டும்தான்.”

“அடப்பாவி! நீதானே எல்லாரையும்விடக் கத்தினாய்!” என்றாள் செம்பட்டை. கூட்டமே குலுங்கிச் சிரித்தது. கட்டையனும் சிரித்துவிட்டான். சிரித்த வெட்கத்தை மறைக்க, கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நரியைத் துரத்தினான். புதருக்குப் பின்னால் இருந்த இரண்டும் அதற்கு முன்பே ஓடியிருந்தன.

அன்றிலிருந்து வளைக்கொம்பிக்கு நிழல் விழுகிற இடத்தில் படுக்கை கிடைத்தது. கோரைப்புல்லும் தாமரைத் தண்டும் வயிறாரத் தின்றாள். தடிப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. வந்தது, போனது. வந்த நாளில், “இன்றைக்கு எனக்கு!” என்று சொன்னால் போதும். பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து குளிர்ந்த சேற்றை விட்டுக்கொடுப்பார்.

நாலாவது ஆள் மட்டும் கடைசிவரை எழுந்து சொல்லவில்லை. செம்பட்டை எத்தனையோ தடவை நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தாள்.

“கணக்கு எல்லாருக்கும் பொது, பெயர் அவருடையது!” என்று சொல்லிவிட்டு, வெள்ளச்சி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நோய் வந்தவரைத் தள்ளிவைப்பது நோயைவிடப் பெரிய துன்பம். அதே நோயை மறைத்துக்கொண்டு தள்ளிவைப்பது அதைவிடப் பெரிய பிழை.