முப்பதாண்டுத் திட்டம்

குடிக்க நல்ல தண்ணீர்கூட இல்லாத ஏழைத் தீவு நாடு அது. அங்கே முப்பதாண்டுத் தொழில்நுட்பத் திட்டத்தின் தொடக்க விழா. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை விற்கக் கொண்டுவந்த வெளிநாட்டாரிடம் பெருமையடிக்க, அமைச்சர் பரஞ்சோதி தம் அலுவலக எழுத்தர் குழலியைக் கூப்பிட்டார்.

"முப்பது வருஷம் கழிச்சு நம்மகிட்ட என்னென்ன இயந்திரம் இருக்கும்? தப்பாச் சொன்னா வேலை போயிடும்."

"இன்னைக்கு இவங்க நாட்டுல புதுசா ஓடுறதெல்லாம் இருக்கும், ஐயா."

அமைச்சர் பூரித்துப்போனார். "எப்படி இவ்வளவு நிச்சயமாச் சொல்றே?"

"முப்பது வருஷத்துக்கு முன்னால அங்க ஓடினதைத்தானே இன்னைக்கு நமக்கு விக்கிறாங்க?" என்றபடி குழலி அங்கே நிறுத்தியிருந்த இயந்திரத்தின் புதுப்பூச்சைச் சுரண்டினாள். துரு உதிர்ந்தது.

வெளிநாட்டார் தலைகுனிந்தார்கள். அமைச்சர் குனியவில்லை.

"சரியாத்தான் சொன்னே. அதனாலதான் உன்னை இங்க வெச்சுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

தீவு இன்றும் உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.