இரட்டை அடித்தட்டு

இந்தக் கதையில் குருவுக்கு இருபத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. அச்சுப்பிழை என்று நினைத்து யாரும் மாற்றிப் படித்துவிட வேண்டாம்.

குருவின் பெயர் ரிஸ்வானா. திண்டுக்கல்லில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, ஒற்றை மின்விசிறி ஓடும் அறையில், காகிதத்தில் பூவும் பொம்மையும் பரிசுப் பெட்டியும் செய்யக் கற்றுக்கொடுத்தாள். அதிகம் பேச மாட்டாள். யாராவது சந்தேகம் கேட்டால் வாயைத் திறப்பதற்கு முன் கத்திரிக்கோலைத்தான் எடுப்பாள்.

சீடர் சவரிமுத்து. பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஆக்னஸ்தான் பங்குனி மாதத்தில் ஒருநாள் அவரைக் கையோடு கூட்டிவந்து இங்கே சேர்த்துவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தன் தொணதொணப்பு தாங்காமல்தான் தள்ளிவிடுகிறாள் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார்.

கை நல்ல கை. கோடு போட்டால் பிசகாது, மடித்தால் விளிம்பு கத்திமாதிரி நிற்கும். ஒரே ஒரு கெட்ட பழக்கம். பட்டறையில் பூட்டு ஒன்றை முடித்ததும் வளையத்தைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார்கள். அந்த வழக்கத்தை அவர் காகிதத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒட்டிய கையோடு இழுப்பார். பசை பிடிப்பதற்குள் இழுத்தால் எது நிற்கும்? பிய்ந்து வரும். உடனே பசை போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் அப்புவார்.

“இது பூட்டு இல்ல ஐயா” என்பாள் ரிஸ்வானா.

“பழகிருச்சு டீச்சர்” என்பார் அவர். மறுபடி இழுப்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை இரவு ஆக்னஸுக்கு மஸ்கட் விமானம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. சொன்ன தேதியில் வந்து சேராவிட்டால் அடுத்து நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட்டைக் காணோம்.

அது சவரிமுத்துவின் மடியில் இருந்தது. இதைக் கடைசிவரை மறைத்துவைத்து வித்தை காட்ட எனக்கு விருப்பமில்லை. ரோஸ் நிற அட்டையில் அவர் செய்த பரிசுப் பெட்டிக்கு அடித்தட்டு இரண்டு. இரண்டுக்கும் நடுவில் பாஸ்போர்ட்.

மகள் காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்த வேலை. ஆட்டினால் சத்தம் வரக் கூடாது என்று பாஸ்போர்ட்டின் அட்டை மேலேயும் பசையைத் தடவி, சுற்றி நாலு விளிம்பையும் அடைத்துவிட்டார். அவள் திரும்பி வந்து வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். அவரும் கூடச் சேர்ந்து தேடினார். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கூடப் பார்த்தார். அவள் கை அந்தப் பெட்டிப் பக்கம் போனபோது உயிரே போய்விட்டது. “வகுப்புக்கு நேரமாச்சு பாப்பா” என்று பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கெட்ட மனுஷன் இல்லை. பயம். மனைவி போன பிறகு அந்த வீட்டில் கேட்கிற ஒரே குரல் மகளுடையதுதான்.

“அட, என்ன அழகு! குடுங்கண்ணே, பாத்துட்டுத் தர்றேன்.” வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து காகித ரோஜா சுருட்டிக்கொண்டிருந்த மரகதம் பதிலுக்குக் காத்திராமல் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

“வேணாம்மா. ஈரம் காயல.”

“நான் என்ன திங்கவா போறேன்?” அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. காதருகே வைத்து ஆட்டினாள். “இவ்வளவு கனமா இருக்கு, காலியா இருக்கு!”

ரிஸ்வானா எழுந்து வந்து பெட்டியை மரகதத்திடமிருந்து வாங்கினாள். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். விரலால் அடியை ஒருமுறை தட்டினாள்.

“தட்டு ரெண்டா?”

“ஆமா டீச்சர். தாங்கணும்ல.”

“எதைத் தாங்கணும்?”

அவள் பெட்டியை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். பிறகு சவரிமுத்து தானாகவே எழுந்து அவளிடம் போனார்.

“டீச்சர், ஒரு சந்தேகம். எவ்வளவு பசை போட்டா, அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது?”

ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவருடைய போனில் எதிர்முனையில் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

“அப்பா, பீரோவுக்கு மேல பாத்தீங்களா?”

“பாத்தேன் பாப்பா.”

“அம்மா படத்துக்குப் பின்னாடி?”

“அங்கயும் பாத்தாச்சு.”

“பாஸ்போர்ட் இல்லாம ஏர்போர்ட் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. ரெண்டு நாளுக்குள்ள புதுசும் வாங்க முடியாது. யாராச்சும் எடுத்திருப்பாங்களோ?”

“யாரு வந்தா நம்ம வீட்டுக்கு?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “நீங்க காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டீங்க. வரும்போது எதாச்சும் சாப்பிட்டு வாங்கப்பா. நான் தேடிட்டு இருக்கேன்” என்று வைத்துவிட்டாள்.

சவரிமுத்து போனைப் பார்த்தபடியே நின்றார். ரிஸ்வானா அவருடைய பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

“பசை பத்திக் கேட்டீங்கல்ல” என்றாள். “உக்காருங்க.”

தன் கைப்பையிலிருந்து காலையில் வாங்கிய பஸ் டிக்கெட்டை எடுத்தாள். ரோஸ் அட்டையில் இரண்டு துண்டு வெட்டினாள். ஒன்றின்மேல் பசையை அவர் அப்புவதுபோலவே அப்பினாள். டிக்கெட்டை வைத்தாள். அதன் மேலும் பசை. இன்னொரு அட்டையால் மூடி, ஒரு தடிப் புத்தகத்தை மேலே ஏற்றிவைத்தாள்.

“அஞ்சு நிமிஷம்.”

“இது எதுக்கு டீச்சர்?”

“நீங்க கேட்டதுக்கு.”

ஐந்து நிமிடத்தை ஓட்டுவதற்குள் அவர் படாதபாடு பட்டார். புத்தகத்தின்மேல் கை வைத்தார், எடுத்தார். இழுத்துப் பார்க்கலாமா என்று விரல் துடித்தது. பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. கீழே செல்போன் கடையில் யாரோ புது ரிங்டோன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் கை சட்டைப்பைக்குப் போய்வந்தது.

ரிஸ்வானா புத்தகத்தை எடுத்தாள். “இப்ப இழுங்க.”

அதுவரை அவரை இழுக்கச் சொன்னதே இல்லை அவள். சவரிமுத்து இரண்டு அட்டையையும் பிடித்து இழுத்தார். தொளதொளவென்று பிரிந்தது. டிக்கெட் பாதியாகக் கிழிந்து, மேல் அட்டையில் ஒரு பாதியும் கீழ் அட்டையில் ஒரு பாதியுமாக ஒட்டிக்கொண்டு வந்தது. எழுத்தெல்லாம் கரைந்து ஊதா நிறத்தில் ஒரு கறை. எந்த ஊர், எவ்வளவு கட்டணம், ஒன்றும் தெரியவில்லை.

“அட்டைக்கு ஒண்ணும் ஆகல” என்றார் அவர் மெதுவாக.

“ஆகாது. அது தடி அட்டை.”

“டிக்கெட்டுதான்...”

“பசைக்கு எது டப்பா, எது உள்ள இருக்கறதுன்னு தெரியாது ஐயா.”

அவர் ஒரே தாவலில் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார். விளிம்பில் நகத்தை விட்டார். நுழையவில்லை. நாலு பக்கமும் இரும்பாக இறுகியிருந்தது. சாவி இல்லாத பூட்டை அவருடைய பட்டறையில் ஒருவரும் செய்ததில்லை. அவர் செய்துவிட்டார்.

“டீச்சர், எப்ப ஒட்டினேன் தெரியுமா? ஏழு மணிக்கு. இப்ப பதினொண்ணு. உள்ள காஞ்சிருக்குமா?”

“வெளிய காஞ்சிருக்கும். காத்துப் போகாத இடத்துல ஈரம் நிக்கும்.”

“அப்ப உள்ள தாளெல்லாம் ஊறியிருக்குமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் ஒட்டினீங்க.”

“கிழிச்சா டப்பா போயிருமே.”

ரிஸ்வானா அட்டை அறுக்கும் கட்டரை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

எத்தனையோ சாவிக்கு அரம் போட்ட கை கட்டரை எடுத்தது. ஆழமாகப் போனால் பாஸ்போர்ட்டில் படும். மேலோட்டமாகப் போனால் அட்டை விடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் அறுத்தார். இரண்டாம் பக்கம். மூன்றாவது பக்கத்தில் பொறுமை போய்விட்டது. கட்டரைப் போட்டுவிட்டு விரலை உள்ளே கொடுத்துப் பிய்த்தார். பக்கச் சுவர் கிழிந்தது, மூடியில் வைத்திருந்த காகிதச் செண்பகப்பூ நசுங்கியது. மரகதம் “ஐயோ அண்ணே!” என்று எழுந்தே விட்டாள்.

பாஸ்போர்ட் வந்தது. முன்னட்டையில் ரோஸ் அட்டையின் தோல் ஒரு பெரிய திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அதைத் திறக்கத் தைரியம் இல்லை. ரிஸ்வானாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தாள். முதல் பக்கத்தில் ஆக்னஸ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அழியவில்லை. எழுத்து அழியவில்லை. கடைசி இரண்டு பக்கம் மட்டும் ஓரத்தில் ஈரம் ஏறி அலைஅலையாக நெளிந்திருந்தது.

“இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா?” என்றார்.

“அதான் விடலையே.”

அவள் பூ செய்ய வைத்திருந்த மெல்லிய காகிதத்தை வெட்டிப் பக்கங்களுக்கு நடுவில் வைத்து, விசிறிக்குக் கீழே நிறுத்தினாள். மரகதம் குனிந்து ரோஜாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவ போயிட்டா நான் என்ன செய்வேன் டீச்சர்?”

“இங்க வருவீங்க.”

“இங்கயா?”

“வருவீங்கன்னு சொல்லித்தான் உங்க மக சேத்துவிட்டாங்க. வேலை கிடைச்ச மறுநாளே வந்தாங்க. அப்பாவுக்குக் கை சும்மா இருந்தா மனசு கெட்டுப்போகும்னாங்க. பூட்டு செஞ்ச கை, இழுத்து இழுத்துப் பாக்கும், கோவப்படாமச் சொல்லிக் குடுங்கன்னாங்க.”

சவரிமுத்து மனதுக்குள் கணக்குப் போட்டார். வேலை கிடைத்ததாக மகள் அவரிடம் சொன்னது சித்திரையில். வகுப்பில் சேர்த்தது பங்குனியில். அவரிடம் சொல்லுவதற்கு முன்னால் இங்கே வந்திருக்கிறாள்.

போன் அடித்தது. இந்த முறை உடனே எடுத்தார்.

“கிடைச்சிருச்சு பாப்பா.”

அந்தப் பக்கம் விம்மலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “ஆண்டவரே! எங்கப்பா இருந்துச்சு? எங்க இருந்துச்சு?”

வாயைத் திறந்தார். மஞ்சள் பைக்குள் கிடந்தது என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

“வர்றேன். வந்து சொல்றேன்.”

வைத்ததும் புதுப் பதற்றம் பிடித்துக்கொண்டது. காகித அலமாரிக்கு ஓடினார். நீல அட்டை ஒன்றை உருவினார், ஸ்கேலைத் தேடினார்.

“என்ன செய்றீங்க?”

“புதுசா ஒண்ணு டீச்சர். அரை மணி நேரத்துல முடிச்சிருவேன். ஒரே தட்டு. பசையே வேணாம், மடிப்புலயே நிக்கிற மாதிரி நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, அது. மேல பூ வச்சு, உள்ள பாஸ்போர்ட்ட வச்சு, அப்பா குடுக்கற பரிசுன்னு குடுத்துருவேன். அவளுக்குப் பிடிக்கும்.”

ரிஸ்வானா நீல அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியிலேயே வைத்தாள். தரையில் கிடந்த ரோஸ் பெட்டியை எடுத்தாள். ஒரு பக்கச் சுவர் தொங்கியது. பிய்ந்த அடித்தட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றது. பாஸ்போர்ட் இருந்த இடத்தில் அதே அளவுக்கு ஒரு பள்ளம். அதிலிருந்த துணுக்குகளைக்கூட அவள் தட்டவில்லை. அப்படியே அவர் கையில் வைத்தாள்.

“இதுலயே வச்சுக் குடுங்க.”

“இதுலயா? கிழிஞ்சு கிடக்குதே!”

“ம்.”

“பாத்ததும் தெரிஞ்சிருமே டீச்சர். என்னப்பா இது, எதுக்குப்பா இப்படின்னு கேப்பாளே.”

ரிஸ்வானா விசிறிக்குக் கீழேயிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கிழிந்த பெட்டிக்குள், அந்தப் பள்ளத்திலேயே வைத்தாள்.

“கேக்கட்டும் ஐயா.”