சகாயமேரியின் ஒற்றை வரி

யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு கணினி நிரல் தொகுப்புக் கருவியை உருவாக்கும் குழுவுக்கு இளவழுதி தலைவர். திருமங்கலத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த சகாயமேரி, அதிலிருந்த பிழைக்கு ஒற்றை வரித் திருத்தம் ஒன்றை மூன்று முறை அனுப்பினாள். மூன்று முறையும் அவர் நிராகரித்தார்.

அந்தக் கருவியைப் பயன்படுத்துவோருக்காக மதுரையில் நடந்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தினார்.

"என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுது? அதைத் தொடாம நீ சொல்ற பிழையைக் காட்டு பார்ப்போம். முடியலைன்னா இனிமே எதுவும் அனுப்பக் கூடாது."

"சரிங்க சார். புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு உங்க பேரை வைங்க. பட்டம், பதவி ஒண்ணையும் விட்டுடாதீங்க."

அவர் மனம் குளிர்ந்துபோய் 'முனைவர் இளவழுதி தலைமை வடிவமைப்பாளர்' என்று அடித்தார். அந்த ஃபோல்டருக்குள் கருவியை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் கொட்டின. கருவி நின்றுவிட்டது.

"என்னம்மா இது?"

"ஃபோல்டர் பேர்ல இடைவெளி இருந்தா நின்னுடும் சார். திருத்தத்தோட நான் அனுப்பின குறிப்புல முதல் வரியே அதுதான். மூணு தடவையும் படிச்சிருப்பீங்களே?"

அரங்கமே சிரித்தது.

"இப்ப என்ன பண்றது?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"பட்டம், பதவியை எடுத்துட்டு வெறும் பேரை மட்டும் வைக்கலாம். இல்லைன்னா என் வரியைச் சேர்க்கலாம்."

பட்டத்தை விட மனம் வராத இளவழுதி, எல்லாரும் பார்க்க அந்த ஒற்றை வரியைச் சேர்த்தார்.