முப்பத்தாறு என்று எழுதிய விடைத்தாள்

"சார், ஒரு ஆளை எப்படி எடை போடுறது?" என்று மரகதவல்லி டீச்சர் கேட்டார்.

சொரிமுத்து சார் தலையை நிமிர்த்தவில்லை. "தராசுலதான்" என்றார்.

திருநெல்வேலியில் வேதியியல் விடைத்தாள் திருத்தும் முகாம். குருவான சொரிமுத்து சார் அந்த அறைக்கு முதன்மைத் தேர்வாளர், வயது ஐம்பத்தேழு. சிஷ்யைக்கு ஐம்பத்தைந்து. முதல் முகாமில் ஒரு பையனை ஃபெயில் போட மனசு வராமல் அழுதுகொண்டிருந்த மரகதவல்லிக்குத் திருத்தக் கற்றுக்கொடுத்தவர் சொரிமுத்து சார்தான். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார். தாடிகூட இல்லாத ஒரு குருவுக்கு இது பெரிய மரியாதை.

இன்றைய சந்தேகத்தின் பெயர் ஜெபக்கனி.

மரகதவல்லியும் ஜெபக்கனியும் பதினாறு வருடம் ஒரே பள்ளியில், ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். இன்று மாலை ஐந்து மணி ரயிலில் ஜெபக்கனி மகனோடு நாக்பூருக்குப் போகிறார். வீட்டை விற்றாகிவிட்டது. இனி இந்தப் பக்கம் வர மாட்டார். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லி நேற்று ஆள் அனுப்பியிருந்தார்.

அவர்கள் பேசிக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது.

ஆய்வகத்தில் ஒருநாள் அமில பாட்டில் உடைந்து ஒரு மாணவியின் கை வெந்துபோனது. விசாரணை வந்தது. அந்த நேரத்தில் மரகதவல்லி அறையிலேயே இல்லை என்று ஜெபக்கனி கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். பயத்தில் எழுதிய பொய். மரகதவல்லிக்கு இடமாற்றம் வந்தது, இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு.

"எனக்கு ரெண்டு ஜெபக்கனியைத் தெரியும் சார். ஒருத்தி தங்கமானவ. இன்னொருத்தி அந்தக் கடிதத்தை எழுதினவ. அவ பாதி, இவ பாதி. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒண்ணும் மிஞ்சல. நான் எதுக்குப் போகணும்?"

சார் தன் முன்னால் இருந்த விடைத்தாள்களில் ஒன்றை உருவி, ஒரு பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார்.

குளோரின் கணக்கு. நூறு குளோரின் அணுக்களை எடுத்தால் அதில் எழுபத்தைந்தின் நிறை முப்பத்தைந்து, இருபத்தைந்தின் நிறை முப்பத்தேழு. குளோரினின் சராசரி அணு நிறை என்ன?

எழுதியவன் முப்பத்தைந்தையும் முப்பத்தேழையும் கூட்டி, இரண்டால் வகுத்து, முப்பத்தாறு என்று போட்டிருந்தான். அடியில் அழகாக இரண்டு கோடு வேறு.

மரகதவல்லி பார்த்த மாத்திரத்தில் அடித்தார்.

"ஏன் அடிச்சீங்க?" என்றார் சார். "ரெண்டு ஐசோடோப்பு. ரெண்டும் குளோரின்தான். ரெண்டால வகுத்திருக்கான். நியாயமாத்தானே செஞ்சிருக்கான்?"

மரகதவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு முகாமிலும், ஒவ்வொரு விடைத்தாள் கட்டிலும் இந்த முப்பத்தாறைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். கேள்வித்தாளிலேயே எண்ணிக்கை கொடுத்திருந்தும் அதைக் கண்ணெடுத்துப் பார்க்காத பிள்ளைகளை அவர் திட்டாத நாள் இல்லை.

"நீங்களே இப்படிப் பேசலாமா சார்? ரெண்டு வகை இருந்தா உடனே பாதிப் பாதியா? எது எத்தனை இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"எத்தனை இருக்கு?"

"கனமானது ஒண்ணுன்னா லேசானது மூணு. முப்பத்தஞ்சரைதான் வரும்."

"நான் குளோரினைக் கேக்கல" என்றார் சார்.

மரகதவல்லி பேனாவை மூடினார். திரும்பவும் திறந்தார்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது ஆய்வகத்து வாயுவின் அழுகிய முட்டை வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் போனாலே வாந்தி. ஐந்து மாதம் இரண்டு பேருடைய செய்முறை வகுப்புகளையும் ஜெபக்கனியே எடுத்தாள். தலைமையாசிரியருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்பா இறந்த செய்தி வந்த அன்று தூத்துக்குடி வரை பஸ்ஸில் கூடவே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளி திறந்தால் அச்சு முறுக்கு டப்பா வரும். தீபாவளி கழிந்தால் அதே டப்பா அதிரசத்தோடு திரும்பிப் போகும். சில்வர் நைட்ரேட் பட்டு இரண்டு பேர் விரலும் வருடம் முழுக்கக் கறுத்துக் கிடக்கும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள்.

அதற்கு மேல் அவரால் எண்ண முடியவில்லை. அந்த நாட்கள் அவருக்கு அவ்வளவு வேண்டியவையாக இருந்தன. ஒன்பது வருடமாக அது தெரியாதது மாதிரி இருந்துவிட்டார்.

மணி மூன்றே முக்கால். அவர் திருத்த வேண்டிய கட்டில் இன்னும் ஆறு விடைத்தாள்கள் பாக்கி. கட்டை முடிக்காமல் யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது. தினமும் காலையில் எல்லோருக்கும் அந்த விதியைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறவர் சொரிமுத்து சார்தான்.

அவர் கையை நீட்டி, அந்த ஆறு விடைத்தாள்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மரகதவல்லி எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு வேகமாக வாசல் வரை போய்விட்டார்.

"டீச்சர்" என்று சார் கூப்பிட்டார். "கடிதம் எத்தனை?"

"ஒண்ணு."

"கனமானதாச்சே."

"ரொம்பக் கனம் சார்" என்றார் மரகதவல்லி. "ஆனா ஒண்ணு."