மொச்சை தின்றவருக்கு அனுமதி இல்லை

மலைநாடு ஒன்றைக் குன்றவர்மன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே அவனுக்கு உண்மை. கடைசியாகப் பேசுவதில் கெட்டிக்காரர் அரண்மனை வைத்தியர் சதாநந்தர்.

அந்த நாட்டில் எந்த மலைச்சரிவைப் பார்த்தாலும் மொச்சைதான். ஒருநாள் சபையில் வைத்தியர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"அரசே, மொச்சை ஏழைகளின் தீனி. வாயுவைத் தவிர அதில் ஒன்றுமில்லை. தின்பவனுக்குப் புத்தி மழுங்கிவிடும். செடிகளைப் பிடுங்கச் சொல்லுங்கள். தூர தேசத்துப் பாதாமை வரவழைப்போம்."

அந்தத் தூர தேசத்துப் பாதாம் அவருடைய மைத்துனரின் கிடங்கில் மூட்டை மூட்டையாகப் புழுத்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கோட்டை வாயில் அதிகாரி கூத்தபிரான் குறுக்கிட்டார். "அரசே, நம் சனங்கள் பாலுக்கும் இறைச்சிக்கும் எங்கே போவார்கள்? அவர்கள் உடம்பில் இருக்கும் தசையெல்லாம் மொச்சை கொடுத்தது. காலையில் அவித்துத் தின்றால் உச்சிப்பொழுது வரை பசிக்காது. செடியைப் பிடுங்கினால் ஊரே பட்டினி கிடக்கும்."

"வாசலில் நிற்கிறவருக்கு வைத்தியம் எதற்கு?" என்றார் சதாநந்தர். சபை சிரித்தது. அரசனும் சிரித்தான்.

"செடிகளைப் பிறகு பிடுங்கலாம். முதலில் அரண்மனை சுத்தமாகட்டும். மொச்சை தின்ற எவரும் நாளை முதல் கோட்டைக்குள் நுழையக் கூடாது. கூத்தபிரானே, இது உம் பொறுப்பு."

"உத்தரவு, அரசே."

மறுநாள் அரசன் விழித்தபோது குளிக்க வெந்நீர் இல்லை. அடுப்பு எரியவில்லை. அன்றைக்கென்று பக்கத்து நாட்டு அரசர் எல்லைக்கு வருகிறார், இளவரசியின் திருமணத்தைப் பேசி முடிக்க. தாமதமானால் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார். பல்லக்குத் தூக்க ஆளில்லை.

"எல்லோரும் எங்கே தொலைந்தார்கள்?" என்று கத்தினான் அரசன்.

"வாயிலுக்கு வெளியே நிற்கிறார்கள்," என்றார் கூத்தபிரான். "என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். மொச்சை என்றார்கள். உத்தரவை மீறலாமா? ஆனால் பாதாம் சாப்பிட்ட வைத்தியரும் நண்பர்களும் உள்ளேதான் இருக்கிறார்கள்."

சொன்ன சொல்லை ஒரே இரவில் மாற்ற அரசனுக்கு வெட்கம். வைத்தியரைப் பார்த்து, "தூக்கும்," என்றான்.

தூக்கினார்கள். வைத்தியருக்கு வாசல் தாண்டும் முன்பே நாக்கு வெளியே வந்துவிட்டது. தாண்டியதும் முழங்கால் மடங்கியது. பல்லக்கு சாய்ந்து, அரசன் புழுதியில் உருண்டான். வெளியே நின்ற கூட்டம் சிரிக்கவில்லை. சும்மா பார்த்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"அரசே, உத்தரவு கோட்டைக்குள் நுழைவதற்குத்தான்," என்றார் கூத்தபிரான். "வெளியே யார் தூக்கினாலும் தடையில்லை."

மொச்சை தின்றவர்கள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஓடினார்கள். வழியில் ஒரு சுனையருகே இளைப்பாறி, இலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். காலையிலிருந்து கொலைப்பட்டினி கிடந்த அரசன் மெல்லக் கேட்டான். "எனக்கும் கொஞ்சம் கொடுங்களப்பா." உப்பும் மிளகாயும் போட்டு அவித்த மொச்சை. இரண்டாம் முறையும் கை நீட்டி வாங்கினான்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திருமணம் நிச்சயமானது. மாலையில் உற்சாகமாகத் திரும்பிய அரசனைக் கூத்தபிரான் வாயிலில் மறித்தார்.

"அரசே, இன்று என்ன சாப்பிட்டீர்கள்?"

அரசன் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லலாமென்றால் பல்லக்குத் தூக்கிகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

"மொச்சை," என்றான் தணிந்த குரலில்.

"மன்னிக்க வேண்டும். உள்ளே அனுமதி இல்லை."

"உத்தரவை இப்போதே ரத்து செய்கிறேன்."

"சிம்மாசனத்தில் அமர்ந்து போட்ட உத்தரவை அங்கே அமர்ந்துதான் ரத்து செய்ய வேண்டும். அதற்கு நீங்கள் உள்ளே போக வேண்டும். மொச்சை தின்ற உங்களை எப்படி விடுவேன்?"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்படியானால் சிம்மாசனத்தை வெளியே கொண்டு வரச் சொல்லும்."

"உடனே, அரசே," என்றார் கூத்தபிரான். "ஆனால் உள்ளே இருப்பவர்கள் பாதாம்காரர்கள். விடிவதற்குள் தூக்கிக்கொண்டு வருவார்களா என்பதுதான் சந்தேகம்."