ஆளில்லாத ஊரில் சேரலாதனின் குரல்

ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. ஆனால் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

ஓசூரில் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி செய்து விற்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. முதலாளி தேவசகாயம். கணக்கைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய தம்பி ஜெயசீலன். விற்பனைக்குத் தலைவர் கஃபூர். பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போக, இவர்களுக்கு வந்த ஆர்டர்கள் சுருங்கின.

"இனிமே பசங்க கம்ப்யூட்டர் வாங்குறதே கேம் விளையாடத்தான் சார். நம்ம மெஷினோட நம்ம கேமையும் சேர்த்துக் குடுத்தா ஒருத்தனும் கிட்ட வர முடியாது" என்றார் கஃபூர்.

தேவசகாயத்துக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. மென்பொருள் பிரிவில் சேரலாதன் என்றொரு கெட்டிக்கார இளைஞன் வேலை பார்த்தான். மாடியில் ஒரு கண்ணாடி அறையை ஒழித்துக் கொடுத்து, "இருக்கிற வேலையோட இதையும் ஆரம்பிப்பா. அப்புறம் ஆள் போடலாம்" என்றார்.

ஜெயசீலன் முகம் சுளித்தார். "அண்ணே, இது நாப்பது பேர் செய்யற வேலை. செய்யணும்னா பணத்தை எறக்கி முழுசாச் செய்வோம். இல்லன்னா அவன் வேலையை அவன் பார்க்கட்டும்."

"நீ எதுக்குத்தான் சரின்னு சொல்லியிருக்க?" என்று அண்ணன் சிரித்தார். பண விஷயத்தில் ஜெயசீலன் கை இறுக்கமான ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சேரலாதன் ஆரம்பித்தான். வெள்ளம் வடிந்த ஓர் ஊர். பிழைத்துத் திரும்பும் ஒருவன் தன் மக்களைத் தேடி வீடு வீடாகப் போகிறான். அதுதான் விளையாட்டு. சேறு படிந்த தெருக்களும் சாய்ந்த வேலிகளும் பார்த்தவர் மூச்சடைக்கும்படி அமைந்தன. குரல் கொடுக்க ஒரு நடிகரை ஏற்பாடு செய்யும்படி முதலாளியிடம் கேட்டான். அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. தற்காலிகமாகத் தன் குரலையே பதிந்து வைத்தான்.

கஃபூர் வாடிக்கையாளர்களை அழைத்து வந்து காட்டி, அவன் தோளைத் தட்டிக்கொடுப்பார். தேவசகாயம் தம் வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்புவார். ஜெயசீலன் மாடிப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மாதக் கூட்டத்தில் மட்டும், "மேல ஆள் போட்டாச்சா?" என்று கேட்டு அண்ணனின் எரிச்சலை வாங்கிக்கொள்வார்.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு நாள் இரவெல்லாம் வேலை செய்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பிய சேரலாதன், வண்டியிலேயே கண் அசந்து, நின்றிருந்த லாரியில் மோதி இறந்தான்.

கண்ணாடி அறையில் அவனுடைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காக, விளையாட்டு தானாகவே ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான். திரையில் அந்த மனிதன் நடந்தான். ஒரு கதவைத் தட்டினான். "வீட்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்றான், சேரலாதனின் குரலில். சற்று நின்றான். அடுத்த கதவுக்குப் போனான். எந்தக் கதவும் திறக்கவில்லை. வீட்டுக்குள் இருக்க வேண்டிய மனிதர்களைச் சேரலாதன் இன்னும் செய்திருக்கவில்லை.

மின்சாரத்தைத் துண்டிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அணைத்தால் மறுபடி திறக்கக் கடவுச்சொல் வேண்டும்; அது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. பட்டப்பகலிலும் மாடிப்படியில் ஏறுகிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நேற்றைவிட இன்று குரல் களைத்திருக்கிறது என்றாள் ஒருத்தி. பதிந்து வைத்த குரல் எப்படிக் களைக்கும் என்று எவரும் அவளைக் கேட்கவில்லை. தேவசகாயம் தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்.

சேரலாதனின் மனைவி மரகதவல்லியும் அங்கேதான் வேலை செய்தாள், கீழே சோதனைப் பிரிவில். காரியங்கள் முடிந்து அவள் திரும்பி வந்தபோது, மூவரும் அவளை அந்த அறைக்கு அழைத்தார்கள். கடவுச்சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா, அவன் உசுரக் குடுத்துச் செஞ்சது இது. உனக்குத்தான் இதோட போக்கு தெரியும். நீயே இங்க உக்காந்து மெதுவா முடி. அவன் பேரையே வைக்கிறேன். அப்புறம் ஆள் போடலாம்" என்றார் தேவசகாயம். அவர் கண் கலங்கியிருந்தது.

கஃபூர் குறுக்கிட்டார். "மெதுவா எதுக்கு சார்? கடனை வாங்குவோம், நாப்பது பேரை நாளைக்கே போடுவோம், தீபாவளிக்கு வெளியிடுவோம். குரலை மட்டும் மாத்தக் கூடாது. செத்தவரோட குரல்னு தெரிஞ்சா ஊரே வாங்கும்."

ஜெயசீலன் சுருக்கமாகச் சொன்னார். "வேணாம். மூடிரலாம். பிளக்கைப் புடுங்க மனசு வரல. கடவுச்சொல்லச் சொல்லும்மா, நான் முறையா நிறுத்திடறேன்."

"அவன் இருந்த தடயமே இல்லாமப் போகணுமா உனக்கு?" என்று அண்ணன் சீறினார். அவர்களுக்குப் பின்னால், திரையில் ஒரு கதவு தட்டப்பட்டது.

மரகதவல்லி மூவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு ஒருவரிடம் மட்டும் அந்தக் கடவுச்சொல்லைச் சொன்னாள்.

யாரிடம் சொன்னாள்? மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெயசீலனிடம். தேவசகாயத்தின் பாசம் பொய்யில்லை. ஆனால் கணவனைத் தனியாக உட்காரவைத்த அதே வார்த்தையால்தான் மனைவியையும் உட்காரச் சொன்னார். கஃபூர் கேட்ட நாற்பது பேர் நியாயம்தான். சேரலாதன் உயிரோடு இருந்தபோது அவர் அதைக் கேட்கவில்லை, இப்போது கேட்டதும் அவனுடைய சாவை விற்பதற்காக. விளையாட்டில் இறங்குவதா வேண்டாமா என்பதில் ஜெயசீலனுக்குப் பிடிவாதம் ஏதுமில்லை. இறங்கினால் எல்லாரும் இறங்க வேண்டும், ஒருவனை மட்டும் இறக்கிவிடக் கூடாது என்றுதான் முதல் நாளிலிருந்து சொன்னார். "ஆள் போட்டாச்சான்னு கேக்கறது இவர் ஒருத்தர்தான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார் சார்" என்று தேவசகாயத்திடம் சொன்னாள் மரகதவல்லி. ஜெயசீலன் கணினியை நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். அவள் பழையபடி சோதனைப் பிரிவுக்கு வருகிறாள். மாடியில் இப்போது ஒன்றுமில்லை, வெறும் அறைதான் என்று யார் சொன்னாலும் தேவசகாயம் மட்டும் படியேறுவதில்லை.